சம்பள வாரத்திலும் தாக்குப்பிடிக்கும் ஓட்டம் எது?

ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி முதல் வாரத்தில் எங்கள் சுங்கை சிப்புட் திடலில் புதுச் சப்பாத்துகளோடு ஓட வருபவர்களின் எண்ணிக்கை கூடுவதும், தைப்பூசமும் சீனப் பெருநாளும் முடியும் வேளையில் அது பழைய ஆறேழு பேருக்கே திரும்பிவிடுவதும் ஒன்பது ஆண்டுகளாக நான் பார்த்துவரும் காட்சி. நின்றுபோனவர்களை ஆரம்பசூரர்கள் என்று ஏளனம் செய்வது எளிது. நானே இரண்டு முறை அப்படி நின்றுபோனவன் என்பதால் அந்த ஏளனத்தில் எனக்குப் பங்கில்லை. அவர்களில் பெரும்பாலோர் சோம்பலால் நின்றதாகவும் எனக்குத் தோன்றவில்லை. முழங்காலில் ஒரு குத்தலும் வேலையில் ஒரு நெருக்கடியும் ஒரே வாரத்தில் வந்து சேர்கின்றன. அந்த வாரத்தில் ஓட்டம் அறுந்துபோகிறது. அறுந்த இடத்தில் முடிச்சுப் போட்டுத் தொடர்வதற்கு அவர்கள் தேர்ந்துகொண்ட வழியில் இடம் இருப்பதில்லை.

ஆகவே ஓட்டத்தில் ஊக்கம் குன்றாமலிருக்க மக்கள் கைக்கொள்ளும் வழிகளை ஒப்பிடுவதற்கு நான் எடுத்துக்கொள்ளும் அளவுகோல் ஒன்றுதான். உடம்பு நன்றாக இருந்து வேலையும் இலகுவாக இருக்கும் வாரத்தில் எந்த வழியும் பலன் தரும். அந்த வாரத்தை வைத்து வழிகளை எடைபோடுவதில் பயனில்லை. கால் வலிக்கும், நேரமும் இருக்காது என்ற வாரத்தில் எந்த வழி இரண்டு ஓட்டங்களையாவது மிச்சம் வைக்கிறது என்பதே கேள்வி.

எனக்கு அந்தக் கெட்ட வாரம் எப்போது வரும் என்பது முன்கூட்டியே தெரியும். நான் ஒரு செம்பனைத் தோட்ட அலுவலகத்தில் கிராணியாக இருக்கிறேன். மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி, சம்பளக் காலம் முடிந்த 7 நாள்களுக்குள் சம்பளம் தொழிலாளியின் கைக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும். அதனால் ஒவ்வொரு மாதமும் கடைசி இரண்டு நாள்களும் அடுத்த மாதத்தின் முதல் ஐந்தாறு நாள்களும் செக்ரோல் எனும் வருகை, கூலிப் பதிவேட்டுக் கணக்கு, குலைகளின் எடைக்கணக்கு, விடுபட்ட கையெழுத்து என்று இரவு எட்டு மணிவரை போய்விடும். காலையிலோ ஆறு மணிப் பெரட்டுக்கு ஆள்கணக்கு எடுக்க நான் நின்றாக வேண்டும். மாதத்தில் நான்கில் ஒரு பங்கு இப்படிக் கழிகிறது. ஆசிரியருக்கு அது தேர்வுத்தாள் திருத்தும் வாரமாக இருக்கலாம், ஈப்போ தொழிற்சாலைக்குப் போகிறவருக்கு இரவு ஷிப்ட் மாறும் வாரமாக இருக்கலாம். பெயர் வேறானாலும் கணக்கு ஏறக்குறைய ஒன்றுதான்.

முதலில், பலரும் முதலில் நாடும் வழியைப் பார்ப்போம். ஒரு போட்டிக்குப் பணம் கட்டிப் பெயரைப் பதிந்துவிட்டால், அந்தத் தேதியே நம்மை எழுப்பிவிடும் என்ற நம்பிக்கை அது. ஈப்போவில் நடக்கும் பத்து கிலோமீட்டர் ஓட்டமாயினும், கோலாலம்பூர் மராத்தானாயினும், பினாங்குப் பால மராத்தானாயினும், பதிவு செய்த இரவில் கிடைக்கும் எழுச்சி உண்மையானது. 1985இல் திறக்கப்பட்ட 13.5 கிலோமீட்டர் நீளப் பாலத்தில், வாகனங்கள் அற்ற பின்னிரவில், கடற்காற்றில் ஓடலாம் என்பது யாரையும் இழுக்கும். என்னையும் இழுத்தது, அரை மராத்தானுக்குப் பதிந்தேன்.

அந்தப் போட்டி பெரும்பாலும் ஆண்டிறுதியில் வருவது. அரை மராத்தானுக்கு மூன்று மாதமாவது பயிற்சி தேவை என்று வைத்துக்கொண்டால், பயிற்சிக் காலம் செப்டம்பர், அக்டோபர், நவம்பர் மாதங்களில் விழுகிறது. எங்கள் பக்கத்தில் செம்பனைக் குலைகள் மிகுதியாக இறங்கும் காலமும், மாலை தவறாமல் இடியோடு மழை கொட்டும் காலமும், தீபாவளிக்கு முன்பணக் கணக்கு எழுதும் காலமும் அதுவே. இரண்டாவது சம்பள வாரத்தில் நான்கு ஓட்டங்கள் தவறின. அட்டவணையில் காலியாகிப்போன கட்டங்களைப் பார்க்கப் பொறுக்காமல் அடுத்த வாரத்தில் இரண்டு வாரத்துத் தூரத்தையும் சேர்த்து ஓடினேன். கணைக்கால் எலும்பின் உட்புறம் வலிக்கத் தொடங்கியது. வலியோடே போய், பாதித் தூரத்துக்குமேல் நடந்து, பதக்கத்தோடு திரும்பினேன். அதற்குப் பிறகு ஐந்து மாதம் ஓடவில்லை. ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள். போட்டி முடிந்த மறுநாளே ஓட்டத்துக்கான காரணமும் முடிந்துபோயிருந்தது.

இதனால் போட்டியே கூடாது என்று சொல்ல வரவில்லை. வேலை நேரம் மாறாதவர்களுக்கும், கால்களில் பழைய வலி எதுவும் இல்லாதவர்களுக்கும் தேதி ஒரு நல்ல துணை. ஆனால் தவறிய வாரத்தைத் தாங்கும் இடைவெளி அதில் மிகக் குறைவு. தூரம் கூடக்கூட அந்த இடைவெளி இன்னும் குறுகுகிறது. பத்து கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பயிலும்போது ஒரு வாரம் போனால் பெரிய நட்டமில்லை, 21 கிலோமீட்டருக்கு அப்படிச் சொல்ல முடியாது. பதிவுக் கட்டணம், பெட்ரோல், ஓர் இரவுத் தங்கல் ஆகியவற்றைக் கூட்டிப் பார்க்கும்போது வீட்டில் எழும் கேள்விகளையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது வழி, நாள் தவறாத் தொடர். திறன்கடிகாரங்களும் செயலிகளும் வந்தபிறகு இளைஞர்களிடையே இது பரவியிருக்கிறது. எத்தனை நாள் விடாமல் ஓடினோம் என்ற எண் திரையில் ஏறிக்கொண்டே போகும். அந்த எண்ணை உடைக்க மனம் வராது என்பதே இதன் விசை. இதன் உச்சத்தைக் காண விரும்புவோர் இங்கிலாந்தின் ரான் ஹில்லைப் பார்க்கலாம். 1970இல் போஸ்டன் மராத்தானையும் எடின்பரோ காமன்வெல்த் மராத்தானையும் வென்ற அவர், 1964 டிசம்பரில் தொடங்கி 2017 ஜனவரிவரை, 52 ஆண்டுகளுக்கு மேலாக, ஒரு நாள்கூட விடாமல் ஒரு மைலாவது ஓடினார். இடையில் பாதத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டபோது ஊன்றுகோல்களோடு அந்த ஒரு மைலைக் கடந்தார். கடைசியில் ஓடும்போது நெஞ்சு வலித்ததால்தான் நிறுத்தினார்.

வியக்கலாம், பின்பற்றுவதற்கில்லை. நமக்கு இந்த வகை உறுதி புதியதன்று. தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக்குக் காவடி எடுக்க நேர்ந்துகொண்டவர்கள் ஒரு மண்டலம் விரதம் காக்கும்போது அதே விசைதான் இயங்குகிறது. ஆயினும் விரதத்துக்கு முடிவுநாள் உண்டு. நேர்த்திக்கடன் செலுத்தியதும் விரதம் தானே நிறைவடைகிறது. செயலியின் தொடருக்கு முடிவுநாள் கிடையாது. எனவே அது முடிவதானால் தோல்வியாகத்தான் முடிய முடியும். கால்வலியோடு இருப்பவருக்கு இதைவிடக் கெடுதலான ஏற்பாடு இல்லை, ஏனெனில் ஓய்வெடுக்க வேண்டிய நாளில் ஓடச் சொல்வது அது. 73ஆவது நாளில் காய்ச்சல் வந்து தொடர் அறுந்ததும், எழுபத்திரண்டு நாளும் வீண் என்று எண்ண வைப்பதும் அதுவே. என் அக்காள் மகன் அப்படித்தான் கடிகாரத்தையே விற்றுவிட்டான்.

மூன்றாவது வழியாகிய குழுவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் தோட்டப்புற ஊர்களில் அதன் பயன் ஊக்கத்தோடு நின்றுவிடுவதில்லை. இங்கே நகரத்துப் பூங்காக்கள் இல்லை. ஈப்போவில் இருப்பவர்கள் போலோ கிரவுண்டுக்கோ டி. ஆர். சீனிவாசகம் பூங்காவுக்கோ போய்விடுவார்கள். எங்களுக்குத் திடலை விட்டால் தோட்டத்துச் செம்மண் சாலைதான். அந்தச் சாலையில் விடிவதற்குமுன் ஓடுவது அழகானதாக இருக்கலாம், ஆனால் கூட்டமாகத் திரியும் நாய்கள், குலை ஏற்றிவரும் லோரி, செம்பனை அடியில் எலிக்குக் காத்திருக்கும் நாகம் ஆகியவற்றை எண்ணிப் பார்த்தால் தனியாகப் போவது விவேகமன்று. பக்கத்து வீட்டு அக்கா ஒருவர், ஐம்பது வயதைக் கடந்தவர், பத்து ஆண்டுகளாக ஓட ஆசைப்பட்டும் தனியாகப் போகத் துணியாமல் வீட்டு வாசலிலேயே நடந்துகொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைக் குழுவில் நான்கு பெண்கள் சேர்ந்ததும் வந்துவிட்டார், இன்றுவரை வருகிறார். பெண்களைப் பொறுத்தவரை இந்த ஒப்பீட்டில் குழுவுக்கு முதலிடம் தருவதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

குழுவின் குறைகளையும் மறைக்க வேண்டியதில்லை. ஆறரைக்கு என்று புலனத்தில் எழுதினால் ஏழு மணிக்குத்தான் கடைசி ஆள் வந்து சேருவார். முன்னால் ஓடுகிற இரண்டு இளைஞர்களின் வேகமே எல்லாருடைய வேகமாகவும் ஆகிவிடும். வலிக்கிறது என்று சொல்ல வெட்கப்பட்டு, சொல்லாமல் ஓடி, அடுத்த வாரம் வராமலே போனவர்கள் உண்டு. ஓடியது நாற்பது நிமிடம், அதற்குப்பின் ரொட்டி சானாயும் தே தாரிக்கும் ஒன்றரை மணி நேரம் என்பதும் உண்மை. எல்லாவற்றுக்கும் மேலாக, குழு வாரத்தில் ஒரு நாளைத்தான் காப்பாற்றித் தருகிறது. மீதி நாள்களுக்கு, குறிப்பாகச் சம்பள வாரத்து நாள்களுக்கு, அதனிடம் விடை இல்லை. இருபது பேர் கொண்ட குழுவைவிட, ஒத்த வயதும் ஒத்த வேகமும் உள்ள ஒரே ஒரு துணை கெட்ட வாரத்தில் அதிகம் உதவுகிறார் என்பது என் அனுபவம். குழுவில் நான் வராவிட்டால் யாருக்கும் தெரியாது. வாசலில் ஒருவர் காத்திருந்தால் போகாமலிருக்க முடியாது.

நான்காவது வழி, யாருக்கும் காட்டிப் பெருமைப்பட ஏதும் இல்லாதது: தூரத்தைக் கணக்கிடாமல் நேரத்தை மட்டும் கணக்கிட்டு, இதற்குக் கீழே இறங்குவதில்லை என்று ஒரு குறைந்தபட்ச அளவை வைத்துக்கொள்வது. என் அளவு, சாதாரண வாரத்தில் 25 நிமிடம் வீதம் மூன்று ஓட்டம், சம்பள வாரத்தில் 20 நிமிடம் வீதம் இரண்டு. உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டியில் பெரியவர்களுக்கு வாரத்துக்குக் கடுமையான உடலியக்கம் 75 நிமிடமாவது, அல்லது மிதமானது 150 நிமிடமாவது வேண்டும் என்கிறது. எனது மூன்று ஓட்டங்களும் மூச்சு வாங்கும் வேகத்தில் அமைந்தால் அந்த 75ஐச் சரியாகத் தொடுகின்றன.

சம்பள வாரத்து இரண்டு ஓட்டம் எதற்காகும் என்று கேட்பவர்களுக்கு, அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் ஹிக்சன் 1980களின் தொடக்கத்தில் செய்த ஆய்வுகளைச் சொல்வேன். வாரத்துக்கு ஆறு நாள், நாளுக்கு 40 நிமிடம் என்று பத்து வாரம் பயிற்சி பெற்றவர்களை அவர் பின்னர் வாரத்துக்கு நான்கு நாளாகவும் இரண்டு நாளாகவும் குறைக்கச் சொன்னார். பயிற்சியின் கடுமையையும் நேரத்தையும் குறைக்காமல் நாள்களை மட்டும் குறைத்தவர்களிடம், 15 வாரம் கழிந்தும், உடல் உயிர்வளியைப் பயன்படுத்தும் உச்சத்திறன் குன்றவில்லை. வேறோர் ஆய்வில் கடுமையைக் குறைத்தபோதோ அது குன்றியது. அதாவது ஏறிய படியில் நின்றுகொண்டிருப்பதற்கு, ஏறுவதற்குப் பட்ட பாட்டில் ஒரு பங்கு போதும். ஆனால் அந்தப் பங்கில் கொஞ்சம் மூச்சு வாங்க வேண்டும். ஆகவே என் சம்பள வாரத்து இருபது நிமிடத்தில் நடுவில் ஒரு நிமிடம் விரைவு, ஒரு நிமிடம் மெதுவு என்று ஐந்து முறை ஓடுவேன். கால் வலித்தால் அதை விட்டுவிடுவேன்.

இந்த வழியின் பலவீனம் வெளிப்படையானது. இதில் கொண்டாட்டம் இல்லை. மூன்று மாதம் ஆனதும் அலுத்துவிடும், யாரும் கேட்க மாட்டார்கள் என்ற துணிவில் இன்றைய ஓட்டம் நாளைக்கும் நாளைய ஓட்டம் அடுத்த வாரத்துக்கும் தள்ளிப்போகும். என் இரண்டாவது நிறுத்தம் இப்படித்தான் நேர்ந்தது, அப்போது வலியும் இல்லை, வேலையும் இல்லை.

வலி என்ற கேள்வி இந்த நான்கு வழிகளுக்கும் பொதுவானது; அதில் எடுக்கும் முடிவுதான் பெரும்பாலும் வழியையே முடித்துவைக்கிறது. எங்கள் ஊரில் இதற்கு இரண்டு மரபுகள் உண்டு. ஒன்று, முழு ஓய்வு: வலி வந்ததும், ‘வயசாச்சு தம்பி, போதும், உட்காருங்க’ என்று வீட்டிலும் கடையிலும் சொல்வார்கள். மற்றொன்று, கோடாலித் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு, மாத்திரை ஒன்றையும் விழுங்கிவிட்டு ஓடுவது. இரண்டையும் செய்து பார்த்தவன் என்ற முறையில், இரண்டாவதே அதிகக் கேடு என்பேன். வலிநிவாரணி மாத்திரை எச்சரிக்கையை மறைக்கிறதேயொழிய காரணத்தை நீக்குவதில்லை. அதோடு, வியர்த்து நீர் வற்றிய உடம்பில் அந்த மாத்திரைகளில் சில வகைகள் சிறுநீரகத்துக்குச் சுமையாகின்றன. நீரிழிவோ இரத்தக் கொதிப்போ உள்ளவர்கள் இதை இரு மடங்கு கவனத்தோடு கொள்ள வேண்டும். 2023ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வு நாட்டுப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைப் பார்த்தால் அந்த எண்ணிக்கை குறைவோ என்று எனக்குத் தோன்றும். நான் ஓடத் தொடங்கியதே கிளினிக்கில் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது என்று சொன்னபிறகுதான்.

இரண்டுக்கும் இடையில் மூன்றாவது மரபு ஒன்று வேண்டும்: வலியைப் பிரித்தறிந்து, அதற்கேற்பக் குறைப்பது. பழகாத தூரம் ஓடிய மறுநாள் தொடையிலும் கெண்டைக்காலிலும் பரவலாக எழுந்து, 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போய்த் தானே தணியும் வலி தசை பழகுவதன் அடையாளம். அதற்காக ஓட்டத்தை நிறுத்தத் தேவையில்லை, மெதுவாக நடந்தாலே இளகிவிடும். மற்ற வலிகளுக்கு உடற்பயிற்சிச் சிகிச்சையாளர்கள் சொல்லும் கணக்கு எளிமையானது. வலியே இல்லாததைச் சுழியம் என்றும் தாங்க முடியாததைப் பத்து என்றும் கொண்டு, மூன்றைத் தாண்டாமலும், ஓட ஓட ஏறாமலும், மறுநாள் காலையில் பழைய நிலைக்குத் திரும்பியும் இருந்தால் குறைத்து ஓடலாம். நான்கு, ஐந்து என்றால் ஓட்டத்துக்குப் பதில் சைக்கிள் அல்லது வேக நடை. அதற்கு மேலானால், அல்லது நடை கோணினால், நிறுத்திவிட வேண்டியதுதான். இதில் மறுநாள் காலைச் சோதனைதான் முக்கியம், ஏனெனில் ஓடும்போது உடம்பு சூடேறி வலியை மறைத்துவிடும்.

சில வலிகளைத் தனித்தனியே அறிந்திருப்பது நல்லது. கணைக்கால் எலும்பின் ஓரமாகச் சாண் நீளத்துக்குப் பரவிய வலி, தூரத்தை அவசரப்பட்டுக் கூட்டியதன் பலன், குறைத்தால் ஆறும். அதே எலும்பில் விரல் நுனியால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரு புள்ளி மட்டும் வலித்து, படுத்திருக்கும்போதும் வலித்தால், அது எலும்பில் விழுந்த மயிரிழை விரிசலாக இருக்கலாம். அதோடு ஓடக் கூடாது, அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளிக் கட்டணத்தில் மருத்துவரைப் பார்க்க முடியும்போது தள்ளிப்போடுவதற்குக் காரணமும் இல்லை. தொடக்கத்தில் எக்ஸ்ரே படத்தில் அது தெரியாமல் போகலாம் என்பதால், படம் சரியாக இருக்கிறது என்று உடனே ஓடத் தொடங்குவதும் தவறு. காலையில் கட்டிலைவிட்டு இறங்கி வைக்கும் முதல் சில அடிகளில் குதிகால் குத்தினால் அது உள்ளங்காலின் திசுப்பட்டையில் உண்டாகும் வலி. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நாள் முழுதும் டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நடக்கும் நம் வழக்கம் அதற்குத் துணைபோகிறது. வீட்டுக்குள் மட்டும் அணிய மெத்தென்ற சிலிப்பர் ஒன்றை வைத்துக்கொண்டதும், கெண்டைக்காலைத் தினமும் நீட்டி இழுத்ததும் எனக்கு எந்தத் தைலத்தையும்விட அதிகம் உதவின. படியிறங்கும்போது முழங்கால் சில்லைச் சுற்றி வலித்தால், காலடியைச் சிறிது குறுக்கி, நிமிடத்துக்கு வைக்கும் அடிகளின் எண்ணிக்கையை 5 முதல் 10 விழுக்காடு கூட்டினால் முழங்கால் தாங்கும் சுமை குறையும்.

குதிகாலுக்குப் பின்புறத் தசைநாண் வலிக்கு, சுவீடன் நாட்டு எலும்பு மருத்துவர் ஹோகன் ஆல்ஃப்ரெட்சன் 1998இல் வெளியிட்ட பயிற்சி இன்றும் பின்பற்றப்படுகிறது. படியின் விளிம்பில் முன்னங்காலை ஊன்றி நின்று குதிகாலை மெல்லக் கீழிறக்குவது. முழங்காலை நீட்டி 15 முறை வீதம் மூன்று சுற்று, மடக்கி மூன்று சுற்று, காலையும் மாலையும், 12 வாரம். நாளொன்றுக்கு 180 முறை. இதற்கு ஓடுதளமும் வேண்டாம், சப்பாத்தும் வேண்டாம். நான் அலுவலகப் படிக்கட்டில் செய்வேன், பெரட்டுக்கு வந்தவர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு பால்வெட்டுக் காலத்திலிருந்து குதிகால் வலியோடு இருக்கும் மண்டோர் (கங்காணி) அண்ணன் ஒருவர் தாமும் செய்யத் தொடங்கினார். கெட்ட வாரத்தில் ஓட்டம் நின்றாலும் இந்தப் பயிற்சி நிற்காது என்பதால், இதையே ஓட்டத்தின் ஒரு பகுதியாகக் கணக்கு வைத்துக்கொண்டேன். வலியால் ஓடாத பத்து நாளில் உடல்திறன் பெரிதாகக் குறைந்துவிடுவதில்லை. குறைவது பழக்கம்தான், அந்தப் பழக்கத்தின் இடத்தை இப்படி ஏதேனும் ஒன்று நிரப்பிக்கொண்டிருந்தால் திரும்பி வருவது எளிதாகிறது.

நீரிழிவு உள்ளவர்கள் பாதத்தில் உணர்வு குறைந்திருக்கிறதா என்று சோதித்த பின்னரே நீண்ட தூரம் ஓட வேண்டும், கொப்புளம் வந்ததே தெரியாமல் போய்விடும். நெஞ்சு வலியோ வழக்கத்துக்கு மீறிய மூச்சுத்திணறலோ வந்தால் மேற்சொன்ன எண் கணக்குகளுக்கு வேலையில்லை, நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எந்த நேரத்தில் ஓடுவது என்பதில் இங்கே அதிகம் தேர்ந்தெடுக்க இடமில்லை. 1982 ஜனவரி 1ஆம் தேதி தீபகற்பத்தின் கடிகாரம் அரை மணி நேரம் முன்னே தள்ளப்பட்டதிலிருந்து எங்களுக்குச் சூரியன் ஏழு மணியை ஒட்டியோ தாண்டியோதான் உதிக்கிறது. தோட்ட வேலையில் இருப்பவர் விடிந்தபின் ஓடிவிட்டு வேலைக்குப் போக முடியாது, ஆனால் மாலை ஏழு மணிவரை வெளிச்சம் கிடைக்கிறது. எனவே வார நாள்களில் மாலை ஆறு மணி, மழையானால் இரவு எட்டரைக்குமேல் எங்கள் தாமானின் (குடியிருப்புப் பகுதியின்) விளக்குள்ள தெருக்கள். புகைமூட்டக் காலத்தில் காற்று மாசுக் குறியீடு 100ஐத் தாண்டினால் அன்று ஓட்டமில்லை, படிக்கட்டுப் பயிற்சிதான்.

நேரமில்லை என்று கடையில் சொன்னால், பெரியவர்கள் பக்கத்து ஊரான கோலா கங்சாரில் பிறந்த டாக்டர் எம். ஜெகதீசனை எடுத்துக்காட்டுவார்கள், மருத்துவம் படித்துக்கொண்டே ஓடி, 1966இல் பேங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் மூன்று தங்கம் வென்றவர் அவர். பெருமைக்குரிய எடுத்துக்காட்டுதான், ஆனால் அவர் இருபதுகளில் இருநூறு மீட்டர் ஓடினார். நாற்பத்தேழில் தொப்பையோடு ஐந்து கிலோமீட்டர் ஓடுபவனுக்கு அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள மரியாதையைத் தவிர அதிகமில்லை.

முடிவாக எதைத் தேர்வது? இருபத்தைந்து வயதில், வலி எதுவும் இல்லாமல், ஒழுங்கான அலுவலக நேரத்தில் இருப்பவர் தயங்காமல் போட்டிக்குப் பதியலாம். பத்து கிலோமீட்டரில் தொடங்குவது நலம். ஷிப்ட் வேலை செய்யும் தாதியர் போன்றோருக்குக் குழுவின் ஞாயிற்றுக்கிழமை பாதி மாதம் கைக்கு எட்டாது; அவர்களுக்குக் குறைந்தபட்ச அளவுதான் பொருந்தும். தனியே வெளியே போகத் தயங்கும் பெண்கள் குழுவிலிருந்து தொடங்கி, அதிலிருந்தே ஒரு துணையைத் தேடிக்கொள்ளலாம். நாள் தவறாத் தொடரை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன், மண்டலக் கணக்காக 48 நாள் என்று முன்கூட்டியே எல்லை வைத்து, நடையையும் அதில் சேர்த்துக்கொள்பவரைத் தவிர.

எனக்கு நான்காவது வழியே அடித்தளம். அதன் அலுப்பைப் போக்க இரண்டாம் வழியை விட்டுவிட்டு மற்ற இரண்டிலிருந்தும் கொஞ்சம் கடன் வாங்கியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை குழுவோடு ஓடுகிறேன், ரொட்டி சானாய்க்கு மட்டும் அரை மணி என்று வீட்டில் ஒப்பந்தம். ஆண்டுக்கு ஒரு போட்டி, அதுவும் ஆண்டின் முற்பாதியில், பத்து கிலோமீட்டருக்கு மேல் இல்லை. சம்பள வாரத்துக்குத் துணை அந்த மண்டோர் அண்ணன்தான். அவர் ஓட மாட்டார், வேகமாக நடப்பார், நான் அவரைச் சுற்றி முன்னும் பின்னுமாக ஓடுவேன். இந்த மாதக் கணக்கு 30ஆம் தேதி தொடங்குகிறது. இரண்டாம் தேதியும் ஐந்தாம் தேதியும் இரவு எட்டே முக்காலுக்குத் தாமான் நுழைவாயிலில் நிற்பதாக அவரிடம் சொல்லியிருக்கிறேன். மழையானால் கோயில் மண்டபத்துப் படிக்கட்டு.